தலைவரைத் தடை செய்தவள்

நடுநிலையாக எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பழக வேண்டும். காந்திகிராமத்தில் முதுகலை படித்த காலத்தில் நான் அப்படிப்பட்ட ஆளாகத்தான் திரிந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் குளம், கோட்டை, பூச்சி என்று கண்டதையும் எழுதி வந்தேன். (சம்பளம் கிடையாது. கர்வம் மட்டும் மாதம் தவறாமல் ஏறியது.)

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த எங்கள் அத்தா, ஒரு சின்ன அரசியல் குழுவுக்குச் செயலாளர். பேரவை என்பார்கள். டவுன் வியாபாரிகளும் சுற்றுப்பட்டு விவசாயிகளும் சேர்ந்தது. மதுக்கடை கூடாது, ஆனால் அதற்காக ரோட்டை மறிக்கவும் கூடாது; பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும், ஆனால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும்; மாற்றம் வேண்டும், ஆனால் அப்படியொன்றும் அவசரமில்லை. இவைதான் கொள்கைகள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது, பேரவையைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட இல்லையே என்று அத்தா வருத்தப்பட்டார். விடுவேனா? "மிதமான பழமைவாத அரசியல் குழு" என்று தொடங்கி ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன்.

அத்தா படித்துவிட்டுக் கேட்டார்:

"என்னம்மா, நம்மளப் போயி பழமைவாதின்னு போட்டுட்ட? நான் போன்லதான கரண்ட் பில்லு கட்டுறேன்."

அது வசவு இல்லை, வகைப்பாடு என்று விளக்கினேன். "மிதமான" என்ற சொல்லைத் தொட்டுக் காட்டிச் சமாதானம் செய்தேன். அத்தாவின் குழுவைப் பற்றி மகளே எழுதலாமா என்ற கேள்வி, நடுநிலைத் திலகமான எனக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளில் 'தோப்புக்காரன்' என்ற பெயரில் யாரோ நுழைந்து, இதைத் தொடங்கியவர் பூங்கொடி என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியிலும் எழுத்துப்பிழை. பழைய நோட்டீஸ்கள் எதிலும் அந்தப் பெயர் இல்லை. ஆதாரம் இல்லை என்று நீக்கினேன். மறுபடி சேர்த்தார். மறுபடி நீக்கினேன். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியும்" என்று மட்டும் பதில் வந்தது. அத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கோ அச்சில் வந்தால்தான் உண்மை. "வேண்டியவர்கள் பெயரைப் போட இது கல்யாணப் பத்திரிகை இல்லை. பேரவையின் வாசலையாவது மிதித்திருக்கிறீர்களா?" என்று எழுதி, நிர்வாகிகளிடம் புகார் செய்து, அவரைத் தடை செய்ய வைத்தேன்.

தேர்தலுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் பேரவைக் கூட்டம் நடந்தது. அத்தா பெருமையாக என்னை மேடையில் ஏற்றினார். நடுவில் தலைவர் உட்கார்ந்திருந்தார். சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியவர். எனக்கு மைக் கிடைத்தால் சும்மா இருப்பேனா? விஷமி ஒருவனை விரட்டியடித்த வீரக்கதையை, அவன் எழுத்துப்பிழைகளை நடித்துக் காட்டியபடி சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவன் யாரோ பூங்கொடியின் பெயரை நுழைக்கப் பார்த்தான் என்றதும் முன்வரிசையில் சிரிப்பு நின்றது. அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் மெல்ல எழுந்து மைக்கை வாங்கினார்.

"அந்தத் தோப்புக்காரன் நாந்தான் தாயி. பூங்கொடி என் வீட்டுக்காரி. எங்க ஊருல மதுக்கடை தொறந்தப்ப, வேணாம்னு மொத ஆளாப் போயி நின்னது அவதான். நாங்கள்லாம் அவ பின்னாடி போனவங்க. நோட்டீசு அடிக்கையில பொம்பள பேரு எதுக்குன்னு விட்டுட்டோம். அவளும் போய்ச் சேந்துட்டா. இதுலயாச்சும் இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அன்று அந்த மேடையில் இருந்த ஒரே பெண் நான். இன்னொருத்தியை அழித்த கதையைத்தான் அத்தனை நேரமும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே தடையை நீக்கச் சொல்லி எழுதினேன். பிறகு நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஆண்கள். ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு பெண்ணின் பாதி முகம்; கீழே பெயர் இல்லை. சேவுகம்பட்டிக்குப் போய், அச்சில் ஆதாரம் கிடைக்கவில்லை, அது இல்லாமல் பெயரைச் சேர்க்க விதி இடம் தராது என்று தலைவரிடம் சொன்னேன். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"ரூல்னா ரூல்தான தாயி. நம்ம பேரவையே அதத்தான சொல்லுது" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்த இளநீர் தொண்டையில் இறங்கியிருக்கும்.

பேரவை தோற்றது, அதையும் மிதமாகவே ஏற்றுக்கொண்டு கலைந்தது. கட்டுரை மட்டும் அந்த ஒரு வரி இல்லாமல் இன்னும் இருக்கிறது. நிக்காஹ் வீடுகளில் அத்தா இப்போதும் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "எங்க கட்சியில தலைவரையே தடை பண்ணுன ஒரே ஆளு எம் மகதான்." எல்லாரும் சிரிப்பார்கள்.

போன வருஷம் என் தம்பி நிக்காஹ்வில் அத்தா இதைச் சொன்னபோது தலைவரும் பக்கத்தில் இருந்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவ இருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா தாயி."