சப்ரினாவின் கைக்குள் ஒரு கரட் தோட்டம்

ஊட்டச்சத்து என்பது பாரதூரமான விசயம். அதை ஒரு சாதாரண தராசை நம்பி விட ஏலாது என்று டவுனில், ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற ‘தோல்மஞ்சள் அளவீட்டுப் பிரிவு’ தீர்மானித்தது. கரட், பப்பாசி, கீரை சாப்பிடுகிற ஆளின் தோலில் ஒரு மஞ்சள் சத்துச் சேருமாம். உள்ளங்கையை வெளிச்சக் கருவியில் வைத்தால் அது இலக்கமாக வந்துவிடும். இருநூற்றுக்குக் கீழே வந்தால் சத்துமாப் பைக்கட். மேலே வந்தால் பாராட்டுப் பத்திரம்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் அந்தப் பிரிவின் அதிகாரி மஹ்ரூப் சேர் கருவியோடு எங்கட குறிஞ்சாக்கேணிக்கு வந்தார். கோழிக்கடை அன்ஸார், அதாவது நான், வரிசையில் ஏழாவதாக நின்றனான். முதல் ஆள் சுஹைரா, இடுப்பில் ரெண்டு வயது மகள் சப்ரினா. பிள்ளை எலும்பும் தோலும். போன மாதம் வரைக்கும் பிள்ளைகளைத் தராசில் நிறுத்துத்தான் மா கொடுத்தார்கள், அந்த மாவில்தான் அது எழும்பி நடக்கத் தொடங்கியது.

சேர் சிவந்த குட்டிக் கையைப் பிடித்து அழுத்தி வைத்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

“மாஷா அல்லாஹ்! நல்லாச் சாப்பிடுற புள்ள.”

“சேர், அது பெருநாளைக்கு வெச்ச மருதோண்டி.”

“எனக்கு விளங்குது தங்கச்சி. என்ட ஊட்டுலயும் வெச்சவங்கதான். மெசினுக்கு விளங்கணுமே.”

“இன்னொருக்கா வெச்சுப் பாருங்களன்.”

வைத்தார். முந்நூற்று நாற்பது. திரும்பவும் வைத்தார். அறுநூற்றுப் பதினொன்று.

“ஒரே கைக்கு மூணு கணக்கா சேர்?”

“மெசின் பிழை விட ஏலாது. புள்ளதான் ஒரு நிலையில இல்ல.” படிவத்தில் எழுதினார்: ‘பயனாளியின் ஊட்டம் தளம்பல் நிலையில் காணப்படுகின்றது, எனினும் மிகத் திருப்திகரமானது.’ ஒரு ஆளுக்கு மூன்று தரம்தான் வைக்கலாமாம், பைலை மூடினார்.

சுஹைராவுக்குச் சூடு ஏறிவிட்டது. “அப்ப உங்கட கைய வைங்க பாப்பம்!”

சேரின் தொந்தி மேசையில் முட்டிக்கொண்டிருந்தது. கையை எட்டிப் பட்டும் படாமலும் வைத்தார். எண்பத்தேழு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. இருநூற்றுக்குக் கீழே யாரானாலும் மா என்ற சுற்றுநிருபத்தை வாசித்தார், தன் பெயரைப் பதிந்தார், முதல் பைக்கட்டைத் தன் பைக்குள் வைத்தார்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்.”

நான் அநியாயம் என்று கத்தினனான். கத்திக்கொண்டே ஒன்றைக் கவனித்தும்விட்டன்: அழுத்தினால் கூடுது, பட்டும் படாமலும் வைத்தால் குறையுது. பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னன். பத்து நிமிசத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அசர் தொழுகைக்கு முந்தியே பைக்கட் எல்லாம் முடிந்தது. இறால் முதலாளிக்குக்கூட ஊட்டம் இல்லையாம். முழு ஊரிலும் ஊட்டமான ஒரே ஆள் சப்ரினா.

பின்னேரம் சுஹைரா பாராட்டுப் பத்திரத்தால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனா. கூப்பிட்டு என் பைக்கட்டைக் கொடுப்பம் என்றுதான் நினைத்தனான், சத்தியமாக. அதற்குள் என் மனுசி அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்துவிட்டா. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ருசி.