ஒரு இழுப்பு என்றால் நலமா

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தீவிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் தங்கையும் நலமாக இருக்கிறாள் என்றே நினைக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் நேரில் கேட்டு உறுதி செய்ய முடியவில்லை. அங்கே அக்கா சௌக்கியமா? உங்கள் முழங்கால் வலி எப்படி? குறைந்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் உடனே கப்பல் ஏற வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வார இறுதியில் இங்கே சாமான் கப்பல் வரும். அதில் நீங்கள் வந்து உங்கள் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள் என்பதைக் கல்யாணத்தன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர் நீங்கள்தான். "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, கடல் காத்து உடம்புக்கு நல்லது" என்று இப்போது வழியனுப்பி வைத்தவரும் நீங்கள்தான். காற்று நிறைய இருக்கிறது. கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு இருக்கிறது.

உங்களுக்கு இங்கே நடக்கிற வேலை புரிய வேண்டும். தீவைச் சுற்றிப் பவளப்பாறை. அதில் என்னென்ன மீன் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்திருக்கிறோம். கடலடியில் ஒரு அளவு நாடாவை விரித்து, அதை ஒட்டியே நீந்திப்போய், இரண்டு பக்கமும் கண்ணில் படும் மீனையெல்லாம் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்த நாடா கணக்கில் சேராது. உங்கள் தங்கை கல்லூரியில் பாடம் நடத்திய காலமெல்லாம் பாட்டிலில் ஊறிய மீனைத்தான் காட்டினாள் என்பது உங்களுக்குத் தெரியும். உயிரோடு ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வு பெற்றதும் நீச்சல் குளத்தில் போய் விழுந்து, காற்று உருளை மாட்டி முங்கக் கற்றுக்கொண்டாள். அவளிடம் படித்த பெண்தான் இந்தக் குழுவுக்குத் தலைவி, அதனால் இடம் கிடைத்தது. கடலில் முங்க உடம்பு தாங்கும் என்று இந்த வருடம் கையெழுத்துப் போட்ட டாக்டர், அடுத்த வருடம் தன்னிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை விட்டால் அவளுக்கு வேறு கடல் கிடையாது. இவ்வளவும் எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வேலை. இந்தத் தீவில் நீரோட்டம் பொல்லாதது என்பதால் இடுப்பில் கயிறு மாட்டித்தான் இறக்குகிறார்கள். மறுமுனை படகில் என் கையில். ஒரு இழுப்பு என்றால் "நலமா?", பதிலுக்கு ஒரு இழுப்பு என்றால் "நலம்". அவளும் கீழிருந்து இப்படிக் கேட்கலாம். நான் கேட்டுப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேட்க வேண்டும், அதற்கும் வராவிட்டால் மேலே இழுத்துவிட வேண்டும். இரண்டாவது வேலை, அவள் பலகையில் கிறுக்கி வந்ததை அறையில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதுவது. அங்கேதான் சனி பிடித்தது. கிளி மீன் என்று ஒன்று. புருஷன் பச்சை, பெண்டாட்டி செம்பழுப்பு, பார்த்தால் உறவு என்றே சொல்ல மாட்டீர்கள். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவன். அங்கே புருஷன் வேறு, பெண்டாட்டி வேறு. தனித்தனி வரி, தனித்தனிக் கைநாட்டு. அந்தப் பழக்கத்தில் இரண்டையும் இரண்டு வகை மீனாக எழுதிவிட்டேன். தலைவி அதை எல்லோர் முன்னாலும் படித்து, இந்தப் பக்கம் இதுவரை யாரும் பார்க்காத வகை என்று கைதட்ட வைத்து, அப்புறம் சந்தேகம் வந்து பலகையைப் பார்த்தால் என் லட்சணம் தெரிந்துபோயிற்று. போதாக்குறைக்கு இந்த மீன் பெண்ணாக இருந்து பிறகு ஆணாக மாறி நிறத்தையும் மாற்றிக்கொள்ளுமாம். இதைப் பதிவு அலுவலகத்தில் யாராவது சொல்லியிருந்தால் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன்.

உங்கள் தங்கை எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் புருஷன் பெண்டாட்டின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியலையே." நானும் சும்மா இருந்திருக்கலாம். வாயில் சனி. "செத்த மீனைக் காட்டியே சம்பளம் வாங்கினவளுக்கு இந்த ரோஷம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அத்தோடு பேச்சு நின்றது. ஆனால் அந்த ரப்பர் உடுப்புக்கு ஜிப் முதுகில் இருக்கிறது மச்சான், தன் கையால் போட முடியாது. தினமும் காலையில் வந்து எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நான் ஜிப்பை இழுத்துவிடுவேன். போய்விடுவாள்.

நேற்று கடைசி நாடா. காற்று மோதுகிற பக்கம். அது முடிந்தால் தீவு முழுக்க முடிந்தது. படகில் நான், படகோட்டி, ஆபத்து என்றால் குதிப்பதற்குத் தயாராக ரப்பர் உடுப்போடு தலைவி. அலை அடித்ததில் மூச்சுக் குமிழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்கிக் கொஞ்ச நேரம் வரை கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. வெடுக்கென்று, கோபமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. பிறகு ஒரு முறை கேட்டேன். பதில் இல்லை.

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். பதில் வரவில்லை என்றால் ஆபத்து என்பது சட்டம். ஆனால் இவள் திங்கட்கிழமையிலிருந்தே எனக்குப் பதில் சொல்வதில்லை. இது தரையின் மௌனமா, தண்ணீரின் மௌனமா? கோபத்தில் இருக்கிறவளை இழுத்துவிட்டால் நாடா போச்சு, அவள் ஆசையில் மண்ணைப் போட்டவன் நானாவேன். இழுக்காமல் விட்டு அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

"சார், பதில் வருதா?" என்றாள் தலைவி.

"வரல."

"திருப்பிக் கேளுங்க."

கேட்டேன். இல்லை.

"அப்ப இழுங்க சார், என்ன பாக்கறீங்க?"

"இல்லம்மா, அவ என்கூடப் பேசறதில்ல."

படகோட்டி திரும்பிப் பார்த்தார். "அடக் கடவுளே, தண்ணிக்குள்ளயுமா?" என்றார்.

இழுத்தேன். கயிறு வரவில்லை. தூணில் கட்டியது போல நின்றது. தலைவி அப்படியே பின்பக்கமாகத் தண்ணீரில் சாய்ந்து இறங்கிவிட்டாள். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். "சும்மா இழுக்காதீங்க சார், அறுந்துரும்" என்று படகோட்டி கத்துகிறார், கை தோல் உரிகிறது, எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கடலைப் பார்த்து, "தப்பு என்னுதுதான், மேல வந்துரு, எத்தனை வேணா திட்டு" என்று நான் கெஞ்சியதாகப் படகோட்டி தீவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லியிருப்பேன். பயந்தேன் மச்சான். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், படகின் மறுபக்கம், தண்ணீருக்கு மேலே ஒரு தலை வந்தது. இடுப்பில் கயிறு இல்லை. முகக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க, திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்: "ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

நடந்தது இதுதான். நடுவில் ஒரு பாறையில் கயிறு சுற்றிக்கொண்டுவிட்டது. நான் இழுத்தது அவளுக்குப் போகவில்லை, அவள் இழுத்தது எனக்கு வரவில்லை. இருவரும் அதே பாறையிடம்தான் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். அவளும் முதலில் நான் கோபத்தில்தான் பதில் சொல்லவில்லை என்று நினைத்தாளாம். பிறகு ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று சந்தேகம் வந்து, வெயிலில் மயங்கி விழுந்துவிட்டேனோ என்று பயந்து, இடுப்பில் கயிறு மாட்டிய கொக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறாள். வேகமாகவும் ஏறக் கூடாது, உடம்புக்கு ஆகாது. நடுவில் ஓரிடத்தில் நின்று காத்திருந்துதான் ஏற வேண்டும். அங்கே நின்றுகொண்டு அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

நாடாவில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். நம் வீட்டுக் கூடத்தின் நீளம்கூட இருக்காது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பாறையில் சுற்றிய கயிற்றோடு தலைவி மேலே வந்து, "மேடம், இது கணக்குல சேராது" என்று மெதுவாகச் சொன்னாள். உங்கள் தங்கை பலகையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரை வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை, இதுவரையும் இல்லை.

இன்று காலை தலைவி வேறு வெடியைக் கொளுத்திப் போட்டிருக்கிறாள். கப்பல் வந்து போன பிறகு காற்று அடங்குமாம். மேடம் விரும்பினால் அடுத்த கப்பல் வரை தங்கி அந்த ஒரு நாடாவை மறுபடி எடுக்கலாமாம். உங்கள் தங்கை சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உடுப்பை அலசிக் கதவில் காயப் போட்டிருக்கிறாள், தலை இல்லாத ஆள் போலத் தொங்குகிறது. எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது, மறுபடி இறங்கப் போகிறாள். இன்னொரு முறை அந்தக் கயிற்றைப் பிடிக்க என் கையில் தெம்பில்லை மச்சான். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இன்று மாலை கரைக்குப் போகும் மீன்பிடி லாஞ்சில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உங்கள் முழங்காலுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கயிற்றுக்கு மறுமுனை

பின்குறிப்பு: ஒட்டுவதற்குப் பசை தேடிப் போய்விட்டு வந்தால் இந்தக் கடிதம் இடம் மாறி இருக்கிறது. படித்துவிட்டாள். மேலே நான் அவளைப் பற்றி எழுதிய எதையும் தொடவில்லை. செம்பழுப்பு என்று எழுதியதை மட்டும் அடித்து, "சாம்பல் கலந்த செம்பழுப்பு" என்று பென்சிலால் திருத்தியிருக்கிறாள். இப்போது அதே மேசையில் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். பேச்சு இன்னும் இல்லை. ஆனால் சற்று முன் மேசைக்கு மேலாகக் கை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு முறை இழுத்தாள். நானும் அவள் புடவைத் தலைப்பை ஒரு முறை இழுத்தேன். நீங்கள் வர வேண்டாம். கப்பலில் என் ரத்த அழுத்த மாத்திரை இன்னொரு மாதத்துக்கும், கயிறு பிடிக்கிற மாதிரி கனமான கையுறை ஒரு ஜோடியும் கொடுத்து அனுப்பவும்.