இரகசிய வருகையன்று ஜெபமாலை வீட்டில் இல்லை

ஆவூர்,
அக்டோபர் முதல் வாரம்.

அன்புள்ள மாப்பிள்ளை ஃபிரெடிக்கு,

ஆண்டவருடைய கிருபையாலும் பிரஷர் மாத்திரையாலும் சுகமாயிருக்கும் உன் அத்தான் மைக்கேல்சாமி எழுதுவது. குவைத்தில் நீயும் நான்சியும் நல்ல சுகத்தோடும் குறைந்த வெயிலோடும் இருக்கும்படி மாதாவை மன்றாடுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். வீட்டில் உள்ள ஒரே நல்ல போன் உன் அக்கா கையில் இருக்கிறது, சொல்ல வேண்டிய சங்கதியும் உன் அக்காவைப் பற்றியது. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ரத்தினவேல் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தப் போன் போன வருஷம் நீ வாங்கி வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் அக்கா ஜெபமாலை முதலில் அதில் சமையல் பார்த்தாள், பிறகு பூசை பார்த்தாள், பூசைக்குக் கீழே தானாகவே கோட்டுப் போட்ட ஒரு பிரசங்கியார் வந்தார். இரகசிய வருகை என்று ஒன்று இருக்கிறதாம். எக்காளம் ஊதுமாம். விசுவாசிகள் மட்டும் நின்றவர் நின்றபடி, உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி மேகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்களாம், மீதிப் பேர் ஏழு வருஷம் உபத்திரவத்தில் கிடந்து உழல வேண்டுமாம். தலைமையாசிரியராக ரிட்டயர் ஆன நான், ஞாயிறு மறைக்கல்வியும் நடத்திய நான், இப்படி நாள் குறித்து ஒரு பாடம் நடத்தியதேயில்லை. பிரசங்கியாரோ செப்டம்பரில் வரும் யூதர்களின் எக்காளப் பண்டிகையன்று, இந்திய நேரப்படி மத்தியானத்துக்குள் என்று சொல்லிவிட்டார். நான் போய் ஃபாதரிடம் சொல்ல, ஃபாதர் வீட்டுக்கே வந்து, "அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரும்மா" என்றார். "நாளும் நாழிகையுந்தானே ஃபாதர் தெரியாது, மாசம் தெரியலாம்ல" என்றாள் இவள். ஃபாதர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் உன் அக்காவின் சிநேகிதி ஷர்லி டீச்சர் வேறு. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பிரசங்கம் கேட்டார்கள். ஆனால் எடுத்துக்கொள்ளப்படுவது உபத்திரவத்துக்கு முன்னால் என்று உன் அக்காவும், பாதி உபத்திரவம் பட்ட பிறகுதான் என்று ஷர்லி டீச்சரும் பிரிந்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. பாதி உபத்திரவத்தைத் தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று டீச்சர் அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி அடுக்க ஆரம்பித்தார். போகிறவளுக்கு எதற்கு என்று இவள் நம் வயல் அரிசி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றி டீச்சருக்கே அனுப்பிவிட்டாள், அதுவும் பேசாமலேயே. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. "அப்ப எனக்கு அரிசி?" என்று கேட்டேன். "நீங்க வரமாட்டீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை, ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னாள். "சாமியார் பிரசங்கத்துக்கு வாயத் தொறந்தா நீங்க வெளிய போயி வேப்பமரத்தடியில நிக்கிற ஆளு. ஒங்கள எப்புடி எடுத்துக்குவாரு?" என்றாள். நாற்பது வருஷமாக நிற்கிறேன், உள்ளதைத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து என்னை விட்டுவிட்டுப் போவதற்கான ஏற்பாடுகள் தொடங்கின. ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். பசுவுக்கு எப்போது தண்ணீர் காட்டுவது, என் சட்டைக்கு எப்படிப் பித்தான் தைப்பது, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் செல்வராணியைத் தெரியுமல்லவா, வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குப் பூ மிதிக்கிறவள், அவளைக் கூப்பிட்டு, "நான் இந்த மாசம் போயிருவேன் செல்வராணி, அண்ணன் இங்கிட்டுத்தான் இருப்பாக, ஒரு கை கொழம்பு குடுத்துப் பாத்துக்க" என்றாள். "பாத்துக்குறேங்க்கா, எத்தன நாளைக்கு?" என்றாள் அவள். "ஏழு வருஷம்." செல்வராணி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குக் காரம் சேருமா?" என்று கேட்டாள். இத்தனையும் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே குளித்து வெள்ளைச் சேலை கட்டிப் பைபிளோடு உட்கார்ந்துவிட்டாள். சேர்ந்து உட்காரலாம் என்று நான் பாயை எடுத்தேன், "நீங்க போயி மாட்டுக்குத் தவுடு வாங்கிட்டு வாங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்று அனுப்பிவிட்டாள். கடையில் கூட்டம். திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கதவு திறந்து கிடந்தது. வாசலில் அவள் செருப்பு. உள்ளே பைபிள் விரித்தபடி இருக்க, அதன்மேல் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் போன், அதில் பிரசங்கியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை, உன் அக்கா செருப்பில்லாமல் போவாள், கண்ணாடி இல்லாமல் போவாள், போன் இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போகமாட்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன். கொட்டகையில் பசுதான் திரும்பிப் பார்த்தது. செல்வராணி வீட்டுக்கு ஓடினேன், அங்கேயும் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது, ஒரு ஆள் இல்லை. மாரியம்மனுக்குப் பூ மிதித்தவளையே எடுத்துக்கொண்டு, அறுபது வருஷமாக நற்கருணை வாங்குகிற என்னை விட்டுவிட்டாரே என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பை மட்டும் அணைத்தேன். எதை நம்புவது, எதை நம்பாமல் இருப்பது என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. அவள் இல்லை, அவ்வளவுதான். தவிட்டு மூட்டை தோளிலேயே இருந்தது, இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

அப்படியே கோயிலுக்குப் போனேன். ஃபாதர் மைக் ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் முதலில் ஆறுதலாகவும், பிறகு பயமாகவும் இருந்தது. "ஃபாதர், நீங்களும் போகலையா?" என்றேன். "நாளைக்குத்தானே பிஷப் மீட்டிங்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதை நான் மறக்கமாட்டேன். தண்ணீர் கொடுத்தார், மூட்டையை இறக்கி வைத்தார். அந்த நேரத்தில் ஆட்டோ ஓட்டுகிற பாலாஜி தெருவில் நிறுத்தி, "சார், ஒங்க வீட்டு அக்காவையும் செல்வராணியக்காவையும் அவுக மருமக சத்யாவையும் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில எறக்கி விட்டுட்டு வாரேன். அந்தப் புள்ளைக்கு இடுப்புவலி கண்டுருச்சு. ஒங்கள்ட்ட சொல்லச் சொன்னாக" என்றான்.

பஸ் பிடித்துப் போனேன். பிரசவ வார்டு வராந்தாவில் உன் அக்கா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை முழுக்கக் கறை. மடியில் துண்டில் சுற்றிய பெண் குழந்தை. செல்வராணி உள்ளே மருமகளிடம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உன் அக்கா, "மாட்டுக்குத் தவுடு வச்சீங்களா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நேரம் போயிருச்சா?" என்றாள். "போயிருச்சு" என்றேன். "எனக்கு நெனப்பே இல்லீங்க. இந்தப் புள்ள கத்துன கத்துல எல்லாம் மறந்துபோச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வந்து கூப்புட்டு, சத்தத்துல எங்காதுல விழாமப் போயிருக்குமோ?" என்றாள். "வந்திருந்தா ஃபாதரையாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பாரு. அவரு அங்க மைக்கு ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்காரு" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். நாங்கள் அப்படி வெளியிடத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் அல்ல, உனக்கே தெரியும்.

இப்போதுதான் சிரமம். டீக்கடை ஆத்மநாதன் நல்ல மனிதன், அவனே, "அக்கா இன்னும் போகலையா?" என்று ஊருக்குப் போவதைக் கேட்பது போலக் கேட்கிறான். இவள் கடைத்தெருவுக்குப் போவதை விட்டுவிட்டாள், பூசைக்கு வரவும் கூசுகிறாள். ஷர்லி டீச்சர் மட்டும் வந்து அரிசி மூட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு மணி நேரம் பூக்கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆகையால் மாப்பிள்ளை, நீ ஒருமுறை போன் போட்டு அக்காவிடம் பக்குவமாகப் பேசு. உலகம் இப்போதைக்கு முடியாது, இந்தத் தேதி பார்க்கிற வேலையே வேண்டாம், அத்தானால் தனியாக இருக்க முடியாது என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீரும், பசுவின் சார்பில் அதற்குத் தெரிந்த அளவு அன்பும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
மைக்கேல்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா வந்தாள். பிரசங்கியார் புதுத் தேதி சொல்லிவிட்டாராம், ஈஸ்டர் கழித்து. "இந்தத் தடவை ஒங்கள விட்டுட்டுப் போகமாட்டேங்க, கேட்டா ஆண்டவருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். எனவே மேலே எழுதியது எதையும் அவளிடம் பேச வேண்டாம். நீ லீவில் வருவதாக இருந்தால் ஈஸ்டருக்கு முன்னால் வா. பிந்தி வந்தால் வீடு பூட்டியிருக்கும், சாவியைச் செல்வராணியிடம் கேட்டு வாங்கிக்கொள்.