செங்கோட்டைக்குப் போட்ட கார்டு

பெண் பார்க்கப் போகிறவன் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். போனவன் அதோடு நிற்காமல் மதராஸ் வரை போய் நிலவியல் படித்தேன். (வீரகேரளம்புதூர்ப் பக்கம் அதற்கு 'மண்ணுப் படிப்பு' என்று பெயர். மண்ணைப் படிக்க மதராஸ் எதுக்கு, நம்ம வயலிலேயே கிடக்கே என்று கேட்டவர்கள் உண்டு.)

பெண் செங்கோட்டை அரிசிக்கடைக்காரர் மகள் செண்பகம். சாரல் காலம். இரண்டு குடும்பமும் ஐந்தருவிக்குக் குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்திப்பது போல ஏற்பாடு. பெண் அமையாவிட்டாலும் குளித்ததாவது மிச்சம் என்று என் அப்பாவின் யோசனை.

ஈரத் தலையோடு புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்து உட்கார்ந்தோம். அவளைப் பார்த்த நிமிஷமே எனக்கு முடிவாகிவிட்டது. இனி அவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அப்பா மரியாதைக்கு, என்ன படிப்பு என்று கேட்டார். பதில் சொன்னேன். முக்கால் மணி நேரம்.

இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட அளக்கப் போன ஒரு சர்வேயர், பாறையின் ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கென்று தனிச் சிப்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்த கதை. பாதிரிமார் பிரசங்கம் முடித்த கையோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலையேறிய கதை. கல்லா எலும்பா என்று நாக்கில் ஒட்டிப் பார்ப்பார்கள் என்று, சட்டைப் பையிலிருந்த கல் ஒன்றை நக்கியும் காட்டினேன். (அவள் அம்மா அவசரமாக என் இலையில் இன்னும் கொஞ்சம் புளியோதரை வைத்தாள்.) கடைசியாக, கடலோரத்தில் கல் பொறுக்கி விற்ற ஒரு தச்சர் மகளின் கதை. பாறைக்குள்ளிருந்து ராட்சதக் கடல் பல்லியின் எலும்புக்கூட்டை எடுத்தவள் அவள். வாங்கிப்போன கனவான்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவள் பெயரை எழுதவில்லை.

இதற்குள் செண்பகத்தின் அப்பா தூங்கிவிட்டார். அப்பளம் வைக்க வந்த செண்பகம் குனிந்தபடியே கேட்டாள்.

"அந்தப் பிள்ளை பேரு என்ன?"

சர்வேயர் பெயர் தெரியும். பாதிரிமார் பெயரெல்லாம் தெரியும். அவள் பெயர் என் நோட்டிலும் இல்லை. தெரியாது என்றேன்.

"நீங்களும் எழுதலையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுவாரமே மதராஸில் நூலகம் நூலகமாக அலைந்து பெயரைக் கண்டுபிடித்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கடிதம் போடலாமா? ஒழுக்கமான பையனாக அவள் அப்பாவுக்கே போட்டேன். கவரில் போட்டால் ஏதோ ரகசியம் என்று நினைப்பாரே என்று, கார்டில்.

'அந்தப் பெண்ணின் பெயர் இதுதான். அன்றே சொல்லாததற்கு வெட்கப்படுகிறேன். தங்கள் மகளிடம் தெரிவித்துவிடவும்.' கீழே வெள்ளைக்காரப் பெயர், கொட்டை எழுத்தில்.

செங்கோட்டைத் தபால்காரர் படித்தார். அரிசி வாங்க வந்தவர்கள் படித்தார்கள். கடைசியாகத்தான் விலாசத்துக்கு உரியவர் படித்தார். அடுத்த பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் கார்டைப் படித்துக் காட்டி, "அண்ணாச்சி, இது நெசமா?" என்று கேட்டாராம்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. என் கையெழுத்தை மட்டும் அடையாளம் தெரியும். கார்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "எம் மவன் எழுதியிருந்தா அது நெசமாத்தான் இருக்கும்" என்றாராம். பெருமையாக வேறு.

மதராஸில் எனக்கு வெள்ளைக்காரி ஒருத்தி இருப்பதாகச் செங்கோட்டையே முடிவு கட்டியது; சம்பந்தம் அத்தோடு முறிந்தது. நான் மதராஸில், பாராட்டிப் பதில் வரும் என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செண்பகம்தான் காப்பாற்றினாள். கார்டைக் கிழிக்கப் போன தன் அப்பாவிடம், "நாந்தாம்ப்பா கேட்டேன்" என்று நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவர் கார்டை இன்னொரு தரம் படித்துவிட்டுச் சொன்னாராம்.

"பொண்ணு பாக்க வந்தவன் கல்லை நக்குதான். நீ என்னடான்னா எவளுக்கோ பேரு கேக்குத. உங்களைத் தனித்தனியாக் கட்டிக் குடுத்தா ரெண்டு குடும்பம்லா கெடும்."

கல்யாணப் பத்திரிகைக்கு நான் விலாசம் எழுதும்போது அப்பா பக்கத்தில் இருந்தார். "ஏலே, அந்த வெள்ளக்காரப் பிள்ளைக்கும் ஒண்ணு எழுது. அவளாலதான முடிஞ்சுது."

அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றேன். அப்பா ஒரு பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பேரையாவது எழுதுலே."

எழுதினேன். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் முதல் பத்திரிகை பிள்ளையாருக்கு, இரண்டாவது அவளுக்கு. உறையில் பெயரைச் செண்பகம் தன் கையால்தான் எழுதுவாள். போன மாதம் மகளுக்குக் காது குத்து. மாமனார் வந்ததும் வராததுமாக, "மூத்த சம்சாரத்துக்குப் பத்திரிகை வச்சாச்சா மாப்ளே?" என்றார்.

உங்களுக்கும் பெயர் தெரிய வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். கட்டாயம் பதில் போடுகிறேன். கவரில்.