ஆடு என்று ஒரு சீட்டு

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது என் மனைவி, தலையாட்டுவது நான். அதனால் இது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் எடுத்துவிட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் சாப்பாடு வைத்தே தீருவது!

அந்த மேசை என் மனைவியின் வசம் போய் வெகுகாலம் ஆகிறது. அவள் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு நடத்துகிறவள். வாண்டுகளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பதால், பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பட அட்டை. அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினால் பிள்ளைகள் அந்த வரியைப் பாடுவார்கள். மேசை முழுக்கக் கவர் கவராக அட்டை, மணி, கிலுகிலுப்பை, பஞ்சு ஒட்டிய இரண்டு ஆட்டுக் காதுகள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம். பாதி எனக்கு, பாதி என் கால்சட்டைக்கு.

அந்தக் காதுகளைப் பற்றி ஏற்கெனவே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. பிள்ளைகளோடு நின்று ஆடு மாதிரி கத்த ஓர் ஆள் வேண்டுமாம். "நான் ஒரு கிடங்குக்கே மேலாளர், ஆடா?" என்று கேட்டேன். அவள் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வேன். அதுதான் என் குறை.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

"ஏங்க, நாளைக்குப் பிள்ளைங்க முதல் தடவையா முழுச் சபைக்கும் முன்னாடி பாடுறாங்க. மேசையில எல்லாம் வரிசையா வச்சிருக்கேன். தொட்டுடாதீங்க."

"வரிசையா? இதுவா?"

"எனக்குப் புரியுற வரிசை."

"மேசைக்கு மூச்சு முட்டுதும்மா."

"தொட்டீங்கன்னா உங்களுக்கும் முட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் சட்டைக் கையை மடித்தேன்.

நான் பார்ப்பது உதிரிபாகக் கிடங்கு. அங்கே ஒரே சட்டம்தான். நட்டு நட்டோடு, போல்ட்டு போல்ட்டோடு. முதல் கவரைத் திறந்தேன். ஒரு படகு, ஓர் அலை, தலையணையில் தூங்கும் ஓர் ஆள், ஒரு நட்சத்திரம். இவற்றுக்குள் என்ன சொந்தம்? அடுத்த கவரில் ஆடு, வேலி, முள், மறுபடி ஆடு. எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாக் கவரையும் கொட்டினேன். படகுகள் ஒரு கவருக்குள் போயின. சூரியன், நிலா, நட்சத்திரம் எல்லாம் ஒரு கவருக்குள். ஆடுகள் ஒரு மந்தைக்கே இருந்தன, அவற்றையும் ஒரே கவரில் அடைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் தடித்த எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினேன். 'படகு.' 'வானம்.' 'ஆடு.'

பாதி மேசை காலி! அதில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, உட்கார்ந்து, ராஜா மாதிரி குடித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தார். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். மேசையைப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒழுங்கு."

"படகுப் பாட்டு எங்க?"

"எல்லாப் படகும் இந்தக் கவர்ல இருக்கு."

"ஐயோ சார், ஒரு கவர் ஒரு பாட்டு! அட்டையோட வரிசைதான் பாட்டோட வரிசை! கலைச்சிட்டீங்களே!"

அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"நீங்கதானே வாராவாரம் வாசிக்கிறீங்க? வரிசையைச் சொல்லுங்களேன்."

"எனக்குச் சுரம்தான் சார் தெரியும். வார்த்தை தெரியாது."

"எனக்கு இப்பவே சுரம் வந்துடும் போல இருக்கு!"

ஏணியைக்கூட எடுக்காமல் மனிதர் கம்பி நீட்டிவிட்டார்.

எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. பிள்ளைகளின் வகுப்பில் பாட்டு ஆரம்பித்ததும் நான் வெளியே போய் வண்டிகளை நேராக நிறுத்தி வைப்பேன். இப்போது நாளைய காட்சி கண்முன் வந்தது. புயல் வரவேண்டிய இடத்தில் ஆடு வரும். பிள்ளைகள் முழிப்பார்கள். சபை சிரிக்கும். நடுவில் அவள் கையில் அட்டையோடு நிற்பாள். அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? அதற்கு நான் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும்.

வாசலில் செருப்புச் சத்தம். மேசை மேல் போர்வையை இழுத்துப் போட்டேன்.

"மேசைக்கு என்ன, குளிரா?" என்றாள்.

"தூசி. அது போகட்டும்... அந்தப் படகுப் பாட்டு எப்படிம்மா போகும்?"

அவள் அருகில் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சரியாத்தானே இருக்கு? உங்களுக்கு எதுக்குப் பாட்டு?"

"ஆசையா இருக்கு. நீ பாடிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

மயங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று, போர்வைக்குள் கையை விட்டு, வரிக்கு ஓர் அட்டையாக உருவி அடுக்கினேன். அடடா, என்ன மூளை எனக்கு!

"எங்க, நீங்க பாடுங்க பார்ப்போம்."

பாடினேன்.

"கையைக் காலை ஆட்டிப் பாடுங்க. அப்பதான் வரிசை மறக்காது."

வரிசை என்ற வார்த்தைக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன். அலை மாதிரி வளைந்தேன். விதை மாதிரி குந்தினேன், செடி மாதிரி எழுந்தேன். முட்டி முறிந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். ஆட்டுப் பாட்டு வந்தது.

"மே" என்றேன்.

"இன்னும் பாவமாக் கத்துங்க. தொலைஞ்சு போன ஆடு அது."

என் நிலைமையை நினைத்துக்கொண்டேன். "மே...ஏ...ஏ!"

"பிரமாதம்! இப்போ கிடைச்ச ஆடு. சந்தோஷமா."

அதுதான் கஷ்டமாக இருந்தது.

தெருவிளக்கு எரிவதற்குள் எல்லாப் பாட்டும் அதனதன் கவருக்குள் போய்விட்டது. சீட்டுகளை உரித்துக் கசக்கிப் பையில் போட்டேன். 'படகு' இருந்தது. 'வானம்' இருந்தது. 'ஆடு' சீட்டை மட்டும் காணோம். நாற்காலிக்கடியில் தவழ்ந்தேன். மேசைக்கடியில் புரண்டேன். கிடைக்கவில்லை.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஆட்டம் பழகுறேன்."

"பழகுங்க, பழகுங்க" என்றாள் கனிவாக. அந்தக் கனிவில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சபை நிறைந்திருந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். ஓர் அட்டை மாறியிருந்தாலும் போச்சு. என் மனைவி எழுந்தாள். ஆனால் நான் உயிரைக் கொடுத்து அடுக்கி, சர்ச்சுக்குத் தூக்கி வந்த கவர்களை அவள் தொடவே இல்லை. சர்ச் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். உள்ளே மின்னும் புது அட்டைகள். முனைகூட மடங்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளோ சபையைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிள்ளைங்களுக்குத் துணையா இன்னிக்கு ஒருத்தர் வர்றார். எல்லாப் பாட்டும் வரிசை தப்பாமத் தெரியும், கை கால் அசைவோட. நேத்து முழுக்க அவராவே ஆசைப்பட்டுப் பழகினார். வேற யாருமில்ல, என் வீட்டுக்காரர்தான்!"

சபை கைதட்டியது. கீபோர்டுக்காரர் குனிந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. மேடைக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்:

"அப்போ மேசையில இருந்தது?"

"பழைய அட்டைங்க."

"தொடாதீங்கன்னு சொன்னியே!"

"சொல்லலைன்னா தொட்டிருப்பீங்களா?"

பஞ்சுக் காதுகள் என் தலையில் ஏறின. பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து, என் சட்டையில் ஊக்கு போட்டுக் குத்தினாள். குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். தடித்த எழுத்து. 'ஆடு.'

"இது பேரா, உத்தரவா?" என்றேன்.

"ரெண்டும்தாங்க" என்று சொல்லிவிட்டு, முதல் அட்டையைத் தூக்கினாள்.