தச்சர் வாசலில் நின்ற கதை

பேசாதவன் பிழைப்பான் என்பார்கள். அதை நம்பி ஒரு வண்டிக் கரும்பைக் கெடுத்தவன் நான்.

எங்கள் தீவில் சுரினாம் என்கிற ஊர்ப் பக்கம் எனக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். ஓர் அறுவடையின்போது, ஆலைக்குப் போகும் வழியில் வண்டிச் சக்கரம் உடைந்தது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் புளித்துவிடும். ஆலையில் எடுக்க மாட்டார்கள். மாடுகளை அவிழ்த்து மரத்தடியில் கட்டிவிட்டு, சக்கரம் செய்யும், பிரெஞ்சு கலந்து பேசும் கிரியோல் இனத்துத் தச்சர் அந்த்வான் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் முற்றத்தில் மரம் இழைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். வந்தவனை வீட்டுக்காரர்தான் முதலில் 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். அதற்குமுன் வாய் திறப்பது மரியாதை இல்லை. (அப்பா சொல்லிக்கொடுத்தது. அவர் கிரியோல் வீட்டுக்குப் போனதே இல்லை.)

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுபடி இழைத்தார். தொண்டையைக் கனைத்தேன். அவரும் கனைத்தார். வெயில் ஏறியது. அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். என்ன திமிர் என்று வீடு திரும்பிவிட்டேன்.

கிரியோல் வீடுகளில் கீரை விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்த என் மனைவி கேட்டாள்: "போன்சூர் சொன்னீங்களா?"

"வந்தவனை அவன்தானே வாங்கன்னு கேக்கணும்?"

"அவங்க வாசல்ல கால் வைக்கிறவங்கதான் முதல்ல வணக்கம் சொல்லணும். நாய்கூட குரைச்சிட்டுத்தான் வரும். கிளம்புங்க."

அவளே கூட்டிப்போனாள். அவள் போன்சூர் சொன்னதும் அந்த்வான் எழுந்தே நின்றுவிட்டார்.

"போன்சூர், மதாம்! இந்த ஆளு உன் புருஷனா? சண்டைக்கு வந்தான்னு உளியைக் கிட்டவே வச்சிருந்தேன். பேசாம முறைச்சா நான் என்னன்னு நெனைக்க?"

நான் முறைக்கவில்லை. என் முகமே அப்படித்தான். (பணிவாக நிற்கிறேன் என்று எனக்கு நினைப்பு. எதிரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று அதுவரை யோசித்ததில்லை.)

சக்கரம் தயாராகப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் ஆலையில் கரும்பை முகர்ந்து பார்த்தவர் கையை விரித்தார். எல்லாம் மாட்டுக்குப் போயிற்று.

அந்தப் பயத்தில் பார்ப்பவருக்கெல்லாம் போன்சூர் சொன்னேன். கடைக்காரச் சீனருக்கு, ஆலையில் ஆட்களை மேய்க்கும் சர்தாருக்கு. ஒருநாள் கோயிலில் கற்பூரத் தட்டோடு வந்த பூசாரிக்கும் சொல்லிவிட்டேன். அன்றோடு என் சொந்தப் பெயர் போயிற்று.

என் மகனுக்குப் பெண் கொடுக்க ஃப்ளாக் ஊரிலிருந்து வந்தவர்கள் தெருவில் என்னையே நிறுத்திக் கேட்டார்கள்: "போன்சூர்காரர் வீடு எதுங்க?"

கூட்டிப்போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

சம்பந்தி இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்: வழிகாட்ட நாங்கள் ஓர் ஊமையை அனுப்பியிருந்தோமாம்.