மாத்தின தக்காளி

கைப்பேசி காதில் இருக்கும்போதே ஓட்டுநரின் பார்வை மனைவியின் தட்டுக்குப் போனது. அதில் தக்காளித் துண்டு ஒன்றுதான் மிச்சம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் வாய்க்குள் போனது.

"அண்ணே, என்னோட மாத்தின தக்காளி நேத்து உங்க பைக்குள்ள போயிடுச்சு. அப்படியே எடுத்துச் சாப்பிட்டுடாதீங்க, அது..."

அதோடு பேச்சு அறுந்தது. பேசியவன் தோட்டக்காரன். அவன் கைப்பேசிக்கு எப்போதும் அரை உயிர்தான். திரும்ப அழைத்தபோது முழு உயிரும் போயிருந்தது.

இருவருக்கும் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அங்கே மரபணு என்ற சொல்லுக்காக யாரும் வாயை வலிக்க விடுவதில்லை. பூச்சி அண்டாதபடி மரபணுவை மாற்றி, கண்ணாடிக் கூடத்தில் பூட்டி வளர்ப்பது 'மாத்தினது'. மற்றதெல்லாம் 'மாத்தாதது'. மாத்தினது ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போகும்.

வேலை கிடக்கட்டும். எட்டு வருஷ ஏக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது.

"எத்தனை சாப்பிட்டே?"

"ரெண்டு. ஏன், கண்ணு வைக்கறீங்களா?"

"கழுவினியா?"

"நான் கழுவாம என்னைக்குங்க சாப்பிட்டிருக்கேன்? தோலு தேயத் தேயக் கழுவினேன்."

கழுவினால் போகிற விஷயமா இது!

"வாந்தி வரலையா?"

மசக்கை தொடங்கியதிலிருந்து காலை வாந்தி அவளுக்குத் தவறியதே இல்லை.

"அதிசயம்தாங்க, இன்னைக்கு வரல. வயித்துல அப்படியே நிக்குது."

அவனுக்குப் பகீரென்றது. வராமல் போக இந்த நாள்தானா கிடைத்தது?

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாரேன்."

"என்னது?"

"தினமும் எடுக்கறதாச்சே. வழக்கத்தை விட வேண்டாமேன்னு..."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் அடுப்படிக்கு ஓடினான். முட்டை வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டும். எண்ணெயில் ஒன்றை உடைத்து ஊற்றி, சட்டியோடு கொண்டுவந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தான்.

"அட, முட்டையா! கொடுங்க கொடுங்க," என்று வாங்கிக்கொண்டாள். "அப்படியே இன்னும் ரெண்டு தக்காளி நறுக்கிடுங்க."

"தீந்துபோச்சு."

"உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கே, அது என்ன? பையா, வாலா?"

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டான்.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"நீங்கதானே அதை ரொம்ப நல்லதுன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்க?"

"ஊருக்கு நல்லதுதான்..."

"நான் ஊர்ல இல்லையா?"

அவன் பையை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"மருந்தே அடிக்காம விளையுதுன்னு சொன்னீங்களே, அது நிஜமா?"

"நிஜம்தான்."

"அப்ப இந்தப் பயம்?"

"தெரியலைம்மா."

"தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேளுங்க. வேலை போனாலும் போகட்டும். என்கிட்ட வந்து பூசி மெழுகாதீங்க."

நிலையத்தில் ஆய்வாளர் அம்மா அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. மிச்சத் தக்காளியில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்வைக்கு மாத்தினதும் மாத்தாததும் ஒண்ணுதான். எங்க தோட்டக்காரன்?"

"இன்னும் வரல மேடம். பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகாதுன்னுதான் நினைக்கறேன். இதுல நல்லது இருக்கு, கண்ணால பார்த்திருக்கேன். கெட்டது இதுவரைக்கும் கண்ணுல படலை. ஆனா படலைங்கறது வேற, இல்லைங்கறது வேற. அந்த இடைவெளிக்குத்தான் டிரைவர், நாம பூட்டுப் போட்டிருக்கோம்."

"நீங்களே இதைச் சாப்பிடுவீங்களா மேடம்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் ஜன்னல் வழியே கண்ணாடிக் கூடத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தானே விதைத்து, தானே பூட்டி வைத்ததை. பிறகு தக்காளியை வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் ஒரு துடை துடைத்தார். நறுக்கென்று கடித்தார். முழுவதையும் தின்று முடித்தார்.

"இப்படிச் சாப்பிடறது விதிப்படி தப்பு. இருந்தாலும் வீட்டுல போய்ச் சொல்லுங்க, அவங்களுக்கு என்னவோ அதுதான் எனக்கும்னு."

ஓட்டுநருக்குக் கண் கலங்கியது. கும்பிடப் போனான். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தோட்டக்காரன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். மேசைமேல் பையைப் பார்த்தான், ஆய்வாளர் கையில் காம்பைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ மேடம், கழுவாமலா தின்னீங்க! அது அழுகலைக் கடையில திருப்பிக் கொடுத்து நான் மாத்தின தக்காளி, நேத்துதான் மருந்தடிச்சுப் பறிச்சாங்களாம்!"